ஜன்னலை விட்டு வெளியே

விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்து வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இப்போது லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். சம்பளமும் மரியாதையும் அங்கே கூடுதல். ஆனால் அதற்கு முதலில் கைப்பழக்கத்தையெல்லாம் உதறிவிட்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நாட்டின் பல விமான நிலையங்களில் கம்ப்யூட்டர் திரைகள் நீல நிறமாக மாறி அப்படியே நின்றுவிட்டன. ஹைதராபாத்தில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு சிறிய ஃபைல் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கிப் போட்டிருந்தது.

அன்று அலுவலகங்களில் கதாநாயகர்கள் யார் தெரியுமா? வழக்கமாக யாரும் ஏறெடுத்தும் பார்க்காத டெஸ்க்டாப் சப்போர்ட் பையன்கள். மேஜை மேஜையாகப் போய், ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சேஃப் மோடில் எழுப்பி, குறிப்பிட்ட அந்த ஃபைலை அழித்து, மறுபடி இயக்கினார்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். சனி, ஞாயிறு விடுமுறை போயிற்று. திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிட்டது. அவர்களும் பழையபடி பிரின்டரில் சிக்கிய காகிதத்தை எடுக்கப் போய்விட்டார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர்களில் பலர் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. சர்வர் அறையில், லினக்ஸ் இயங்கிய இயந்திரங்களில் எதுவும் ஆகவில்லை. பழுதான ஃபைல் விண்டோஸுக்கானது. லினக்ஸுக்கு அது போகவேயில்லை. லினக்ஸ் அணியினர் தங்கள் இருக்கையை விட்டு எழவில்லை. அவர்கள் சம்பளமோ இவர்களுடையதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு.

நாமும் ஏன் அங்கே போகக்கூடாது என்ற கேள்வி அன்று புதிதாகப் பிறந்ததல்ல. ஆனால் அதன் அவசரம் கூடிக்கொண்டே போகிறது.

தேயும் ஏணி

நொய்டா, குர்காவ்ன், பெங்களூர், ஹைதராபாத், புனே என்று எங்கே போனாலும் இந்த இளைஞரைச் சந்திக்கலாம். வயது 27-லிருந்து 33-க்குள். படிப்பு பி.சி.ஏ., பி.எஸ்சி. அல்லது டிப்ளமோ, சில நேரம் பி.காம். கூட. ஊரில் ஏதோ ஒரு மையத்தில் ஹார்டுவேர்-நெட்வொர்க்கிங் கோர்ஸ் முடித்தவர். பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில் வேலை பார்ப்பார். ஆனால் சம்பளம் தருவது ஆள் சப்ளை செய்யும் இன்னொரு நிறுவனம். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறமே வேறாக இருக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலை ஆண்டுதோறும் வந்துபோகும்.

இவரது உலகம் 'டிக்கெட்'களால் ஆனது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது, அவுட்லுக் திறக்கவில்லை, பிரின்டர் தெரியவில்லை, புதியவருக்கு லேப்டாப் வேண்டும் - ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். ஒரு நாளில் எத்தனை டிக்கெட் முடித்தார் என்பதே இவரது தகுதி. வேலையிலும் படிநிலை உண்டு: எல்-1, எல்-2, எல்-3. முதல் படியில் இருப்பவர் எழுதிக் கொடுத்த வழிமுறையைப் பின்பற்றுவார். மூன்றாம் படியில் இருப்பவர் வழிமுறையை எழுதுவார்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஏணியின் கீழ்ப்படிகள் கரைந்துகொண்டிருக்கின்றன. பாஸ்வேர்டை ஊழியரே மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. புது லேப்டாப்பை உறையிலிருந்து எடுத்து இன்டர்நெட்டில் இணைத்தால் நிறுவனத்தின் சாஃப்ட்வேர்கள் தாமாகவே ஏறிக்கொள்கின்றன. அலுவலக சர்வர் அறையில் இருந்த மெயில் சர்வர் மைக்ரோசாஃப்டின் மேகத்துக்குப் போய்விட்டது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்கு வேலை இல்லை. எளிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல அரட்டை இயந்திரங்கள் வந்துவிட்டன.

1990-களின் இறுதியில் நிலைமை வேறு. மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழ் இருந்தால் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ வேலை நிச்சயம் என்று நகரத்துக்கு நகரம் பயிற்சி மையங்கள் முளைத்தன. நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சான்றிதழை 2021 ஜனவரியில் மைக்ரோசாஃப்டே முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டது. இப்போது அந்த நிறுவனம் தரும் சான்றிதழ்களில் பெரும்பாலானவை மேகக் கம்ப்யூட்டிங் பற்றியவை. அந்த மேகத்தில் பெருமளவு ஓடுவது லினக்ஸ்.

எதிரி நண்பனான கதை

லினக்ஸின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, தான் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக எதுவும் வராது என்றும் அவரே சொல்லிக்கொண்டார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் தொடங்கிய 'ஞூ' திட்டத்தின் கருவிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. இரண்டும் சேர்ந்து, யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், விநியோகிக்கலாம் என்ற உரிமத்தோடு ஒரு முழு அமைப்பு உருவாயிற்று.

அந்தப் பொழுதுபோக்கு இன்று எங்கே நிற்கிறது? உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸ். புனேயில் சி-டாக் அமைத்த 'ஐராவத்' 2023-ல் அந்தப் பட்டியலில் 75-வது இடம் பிடித்தது. அதுவும் இதில் அடக்கம். சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

மைக்ரோசாஃப்ட் அடித்த குட்டிக்கரணம் இன்னும் சுவாரசியமானது. 2001-ல் அதன் தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். 2014-ல் அவரது இடத்துக்கு வந்த ஹைதராபாத்காரர் சத்ய நாதெள்ளா, மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று மேடையிலேயே அறிவித்தார். 2016-ல் விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை இயக்கும் வசதி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராயிற்று. 2019-ல் அதன் பொறியாளர் ஒருவர் வெளியிட்ட தகவல்: மைக்ரோசாஃப்டின் சொந்த மேகமான அஷூரில் விண்டோஸைவிட லினக்ஸின் பயன்பாடு அதிகமாகிவிட்டது.

முதலாளியே கட்சி மாறிவிட்டபோது தொழிலாளி மட்டும் பழைய கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை.

இந்திய அரசுத் துறையிலும் லினக்ஸுக்குத் தனி இடம் உண்டு. சென்னை சி-டாக் மையம் 2007-ல் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. கேரள அரசுப் பள்ளிகள் முழுவதுமாக லினக்ஸுக்கு மாறின. சுமார் 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இதனால் மிச்சமான உரிமக் கட்டணம் ரூ. 3,000 கோடி என்று 2019-ல் அந்த மாநிலத்தின் 'கைட்' நிறுவனம் மதிப்பிட்டது. பாதுகாப்பு அமைச்சகம் தன் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக 'மாயா' என்ற லினக்ஸை நிறுவ முடிவு செய்த தகவல் 2023 ஆகஸ்டில் வெளியாயிற்று. ஆனால் வேலை தேடும் இளைஞருக்கு இவற்றைவிட முக்கியம் வங்கிகள், டெலிகாம் நிறுவனங்கள், மேக நிறுவனங்கள் வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர்கள். சம்பளம் அங்கேதான் இருக்கிறது.

கறுப்புத் திரையின் முன்

பத்து ஆண்டு விண்டோஸ் அனுபவம் உள்ளவரும் லினக்ஸ் சர்வரின் முன் முதல் தடவை உட்காரும்போது திணறித்தான் போகிறார். எதிரே கறுப்புத் திரை. மினுங்கும் ஒரு கோடு. ஸ்டார்ட் பட்டன் இல்லை, ஐகான் இல்லை, மௌஸுக்கு வேலையே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று திரை சொல்லாது. இவர்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

முதல் அவமானம் பெரும்பாலும் 'விஐ' என்ற எடிட்டரில் நேர்கிறது. உள்ளே போனவருக்கு வெளியே வரத் தெரியாது. எஸ்கேப் விசை, கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர் என்ற சக்கரவியூக மந்திரம் தெரியும் வரை அபிமன்யு நிலைதான். அடுத்து, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றல்ல என்ற பாடம். விண்டோஸில் 'ரிப்போர்ட்' என்ற ஃபைலின் முதல் எழுத்தை எப்படி அடித்தாலும் திறக்கும். லினக்ஸில் அவை இரண்டு வேறு ஃபைல்கள்.

மூன்றாவது பாடம் கடுமையானது: கட்டளைத் திரையில் குப்பைத் தொட்டி கிடையாது. அழித்தால் அழித்ததுதான். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தின் அனுபவசாலியான நிர்வாகி ஒருவர், நெடுநேரம் வேலை செய்த களைப்பில், அழிக்கும் கட்டளையைத் தவறான சர்வரில் அடித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தகவல் தளத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்-அப்களை எடுக்கப் போனால் அவை ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் யதேச்சையாக எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்கவில்லை. முழுக் கதையையும் உலகுக்குச் சொன்னது. இன்றும் புதிய நிர்வாகிகளுக்கு அது பாடம்: கட்டளையை அடித்த பிறகு என்டர் விசையைத் தட்டுமுன் எந்த சர்வரில் இருக்கிறோம் என்று ஒருமுறை பார்.

ஆனால் கையோடு கொண்டுபோகும் சரக்கும் இவரிடம் நிறைய இருக்கிறது. இதைப் பலர் உணர்வதில்லை. ஐபி முகவரி, டிஎன்எஸ், டிஎச்சிபி எல்லாம் எங்கேயும் ஒன்றே. ஆக்டிவ் டைரக்டரியின் அடியில் இருப்பவை எல்டாப், கெர்பரோஸ் என்ற பொதுவான நெறிமுறைகள்; லினக்ஸிலும் அவை உண்டு. விண்டோஸில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து நின்றுபோன சேவையை மறுபடி இயக்கியவருக்கு, லினக்ஸில் 'சிஸ்டம்டி' செய்யும் வேலை புரிந்துவிடும். ஈவன்ட் வியூவரில் சிவப்புக் குறிகளைத் தேடியவர் லாக் ஃபைல்களைப் படிக்கப் பழகிவிடலாம். பவர்ஷெல்லில் கட்டளைகளைக் குழாய்போல் ஒன்றோடொன்று இணைத்தவருக்கு 'பேஷ்' ஷெல் அந்நியமாக இருக்காது. எல்லாவற்றையும்விட, நடுராத்திரி போனில் கத்தும் ஆளை அமைதிப்படுத்தி, பிரச்சினை என்ன என்று கேட்டு வாங்கும் பொறுமை - அதை எந்தப் பயிற்சி மையமும் கற்றுத்தருவதில்லை.

மாற்றிக்கொள்ள வேண்டியது மனப்போக்கைத்தான். விண்டோஸில் அமைப்புகள் ரெஜிஸ்ட்ரி என்ற சுரங்கத்தில் புதைந்து கிடக்கின்றன. லினக்ஸில் அவை அநேகமாக யாரும் படிக்கக்கூடிய வெறும் உரை ஃபைல்கள். ஏதோ கோளாறு, ரீஸ்டார்ட் செய்து பார் என்பது விண்டோஸ் மரபு. லினக்ஸ் அணியில் அப்படிச் செய்தால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் தெரியாமல் சரியான கோளாறு, சரியானதாகக் கருதப்படுவதில்லை.

அனுமதிகள் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று வகையினர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றின் கூட்டுத்தொகைதான் அனுமதி எண். ஏதாவது ஒரு புரோகிராம் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று அடம்பிடித்தால், அவசரக்காரர் 777 என்று கொடுத்துவிடுவார். அதாவது, எல்லாருக்கும் எல்லாமும். வேலை நடக்கும். கூடவே வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிட்டதாகவும் ஆகும். நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடுகிறார்கள்.

நிறைந்த டிஸ்க் மர்மம்

லினக்ஸ் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு, சர்வர் அறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு சின்ன மர்மக் கதை போதும். இரவு மூன்று மணிக்கு எச்சரிக்கை வருகிறது: டிஸ்க் 100 சதவீதம் நிறைந்துவிட்டது. புரோகிராம் நின்றுவிட்டது. பணியில் இருப்பவர் உள்ளே போகிறார். பிரம்மாண்டமான ஒரு லாக் ஃபைல் கண்ணில் படுகிறது. அழிக்கிறார். மறுபடி பார்த்தால், டிஸ்க் இன்னும் 100 சதவீதம். டைரக்டரி டைரக்டரியாகக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட நிறையவில்லை. மீதி இடம் எங்கே போயிற்று?

விண்டோஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழிக்கப் போனால், பயன்பாட்டில் உள்ளது என்று பெரும்பாலும் மறுத்துவிடும். லினக்ஸ் மறுப்பதில்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். ஆனால் ஒரு புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்கிலேயே இருக்கும். பெயர் போய்விட்டது, உடல் இருக்கிறது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்ட 'எல்எஸ்ஓஎஃப்' என்று ஒரு கட்டளை உண்டு. அந்தப் புரோகிராமை முறையாக மறுபடி இயக்கினால் இடம் விடுபட்டுவிடும். அடுத்த முறை அழிக்காமல், ஃபைலை வெறுமையாக்கினால் போதும் என்று அவர் தெரிந்துகொள்கிறார். லாக்குகள் தாமாகவே சுழன்று சுருங்கும் ஏற்பாட்டைச் சரிசெய்து வைத்தால், அடுத்த முறை என்பதே வராது.

எல்-1 ஆள் ஃபைலை அழிப்பார். எல்-2 ஆள் அதைப் பிடித்திருக்கும் புரோகிராமைக் கண்டுபிடிப்பார். எல்-3 ஆள் அந்த எச்சரிக்கையே வராமல் பார்த்துக்கொள்வார். சம்பள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

பழைய லேப்டாப் போதும்

கற்றுக்கொள்ளச் செலவு உண்டா? லினக்ஸின் பெரிய வசதி இதுதான்: சரக்கு இலவசம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால் ஓரங்கட்டப்பட்ட லேப்டாப்கள் வீடுகளில் ஏராளம். அவற்றில் லினக்ஸ் தாராளமாக ஓடும். அல்லது விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் இயந்திரங்கள் இரண்டு, மூன்றை உருவாக்கி, ஒன்றை சர்வராகவும் மற்றதை வாடிக்கையாளராகவும் வைத்துப் பழகலாம். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம். கெட்டுப்போக வேண்டும் என்பதே நோக்கம். வேண்டுமென்றே ரூட் பாஸ்வேர்டைத் தொலைத்து மீட்பது, பூட் ஆகாதபடி செய்து எழுப்புவது, டிஸ்கை நிரப்பிவிட்டு விரிவாக்குவது - இவற்றைப் பத்துத் தடவை செய்தவர் நேர்முகத் தேர்வில் தடுமாறுவதில்லை.

தமிழில் படிக்க விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் எளிய தமிழில் லினக்ஸ் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாகவே தருகிறது.

நிறுவனங்கள் மதிக்கும் சான்றிதழ்களில் முன்னால் நிற்பது ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ. இதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டே இல்லை. இயங்கும் ஒரு சிஸ்டத்தைக் கொடுத்து, இதையெல்லாம் செய் என்று சொல்லிவிடுவார்கள். மொத்தம் 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. பொறி ஒன்றும் உண்டு: செய்த மாற்றங்கள் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, நிரந்தரமாக்க மறந்து தோற்றவர்கள் அநேகம். சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டுகள். அடுத்த படியான ஆர்எச்சிஇ தேர்வு 2019-லிருந்து 'ஆன்சிபிள்' என்ற தானியங்கிக் கருவியைச் சுற்றியே அமைந்துவிட்டது. ஒரு சர்வரைக் கையால் சரிசெய்வது போதாது. ஒரே உத்தரவில் நூறு சர்வர்களைச் சரிசெய்யத் தெரிய வேண்டும் என்பதே அதன் செய்தி.

இலவச உலகத்திலும் அதிர்ச்சிகள் உண்டு. ரெட் ஹேட் லினக்ஸின் இலவச இரட்டையாக இருந்த சென்டாஸை நம்பி இந்தியாவில் எத்தனையோ நிறுவனங்கள் ஓடின. சென்டாஸ் 8-ன் ஆயுள் 2021 டிசம்பரோடு முடியும் என்று 2020-ல் திடீரென்று அறிவித்தார்கள். சென்டாஸ் 7-க்கும் 2024 ஜூன் 30-ல் கதை முடிந்தது. ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று மாற்றுகள் உடனே வந்தன. ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையே பல புதியவர்களுக்கு முதல் வாய்ப்பாக அமைந்தது.

போலிச் சந்தை

தேவை இருக்கும் இடத்தில் புரட்டும் இருக்கும். ஹைதராபாத்தின் அமீர்பேட், பெங்களூரின் மாரத்தஹள்ளி போன்ற பயிற்சிப் பேட்டைகளில் மூன்று மாதத்தில் லினக்ஸ், மேகம், டெவ்ஆப்ஸ் எல்லாம் சேர்த்துக் கற்றுத்தருவதாகப் பலகைகள் தொங்குகின்றன. நல்ல ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் சில இடைத்தரகர்கள் விற்பது கல்வியை அல்ல. போலி அனுபவக் கடிதங்களை. டெஸ்க்டாப் வேலையில் இருந்த நான்கு ஆண்டுகளை 'லினக்ஸ் நிர்வாகி' என்று மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். வீடியோ நேர்முகத் தேர்வில் வேறொருவர் பதில் சொல்ல, இவர் வாயசைக்கும் ஏற்பாடும் உண்டு.

இது நெடுநாள் ஓடுவதில்லை. பெரிய நிறுவனங்கள் பின்னணி சரிபார்க்கின்றன. பி.எஃப். கணக்கின் யுஏஎன் எண்ணைப் பார்த்தாலே எந்த நிறுவனத்தில் எப்போது இருந்தார் என்பது வெளிப்பட்டுவிடும். அதில் தப்பினாலும், முதல் இரவுப் பணியில் டிஸ்க் நிறையும்போது மாட்டிக்கொள்வார். வேலை போவதோடு பெயரும் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

நேர்மையான வழி மெதுவானது, ஆனால் உறுதியானது. அது பெரும்பாலும் இருக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. அதே கட்டடத்தில் லினக்ஸ் அணியும் இருக்கிறது. யாரும் விரும்பாத இரவுப் பணியை, வார இறுதி 'பேட்சிங்' வேலையை ஏற்றுக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அங்கே ஆறு மாதம் நிழலாக உட்கார்ந்தவர் ஏழாவது மாதத்தில் சின்ன டிக்கெட்டுகளைத் தானே எடுக்கிறார். இரண்டு உலகமும் தெரிந்தவருக்குச் சந்தையில் தனி மதிப்பும் உண்டு. லினக்ஸ் சர்வர்களை ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்கும் இடத்தில் எப்போதும் தகராறுதான். லினக்ஸ் மட்டுமே தெரிந்தவர் விண்டோஸ் பக்கத்தைத் தொடத் தயங்குவார். அந்த இடைவெளியில் நிற்கத் தெரிந்தவர், பழைய அனுபவத்தை வீணாக்கவில்லை.

வீட்டில் ஒரு கணக்கு

தொழில்நுட்பத்தைவிடக் கஷ்டமான கணக்கு வீட்டில் போடப்படுகிறது. 32 வயதில், கல்யாணம் ஆகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, மறுபடி முதல் படியில் நிற்பதா? மேலே இருப்பவர் 25 வயது இன்ஜினீயரிங் பட்டதாரியாக இருப்பார். சம்பளம் முதல் ஆண்டு உயராது. சிலருக்குச் சற்றுக் குறையவும் செய்யும். வாடகையோ, பைக்குக்கான மாதத் தவணையோ குறையப் போவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து காலையில் படுக்கும்போது குக்கர் விசில் அடிக்கும். பெற்றோருக்கு இருக்கிற வேலையை விட்டு ஏன் இறங்கிப் போகிறான் என்று புரிவதில்லை.

இன்னொரு பயமும் உண்டு: ஓடிப் பிடித்த பஸ்ஸும் பாதி வழியில் நின்றுவிட்டால்? நியாயமான பயம்தான். சர்வருக்குப் பெயர் வைத்து, செல்லப் பிராணிபோல் பார்த்துக்கொண்ட காலம் போய்க்கொண்டிருக்கிறது. 2014-ல் கூகிள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் போன்ற கருவிகள், நோய்வாய்ப்பட்ட சர்வரைக் குணப்படுத்துவதில்லை. தூக்கி எறிந்துவிட்டு நொடியில் இன்னொன்றை எழுப்புகின்றன. 'லினக்ஸ் நிர்வாகி' என்ற பதவிப் பெயரே விளம்பரங்களில் 'டெவ்ஆப்ஸ் இன்ஜினீயர்', 'கிளவுட் இன்ஜினீயர்' என்று உருமாறிவிட்டது. ஆனால் அந்தக் கருவிகளெல்லாம் ஓடும் தரை லினக்ஸ்தான். கருவி உடையும்போது உள்ளே இறங்கிப் பார்க்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். அடித்தளம் தெரியாமல் மேல்மாடிக் கருவியை மட்டும் கற்றவர்களே அதிகமாகத் தவிக்கிறார்கள்.

விண்டோஸும் செத்துவிடவில்லை. கோடிக்கணக்கான மேஜைகளில் அது இருக்கிறது, இருக்கும். வங்கிக் கிளையிலும் அரசு அலுவலகத்திலும் யாராவது அதைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். எல்லாரும் மாற வேண்டும் என்பதில்லை. மாற விரும்புபவர் லினக்ஸ் மீதுள்ள ஆர்வத்தால் மாறுகிறாரா, அடுத்த அறைச் சம்பளத்தைப் பார்த்து மாறுகிறாரா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இரண்டாவது காரணம் தவறில்லை. ஆனால் அது மட்டும் இருந்தால் இரவு மூன்று மணிக்குத் தாங்காது.

லினக்ஸுக்குப் போனால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு 2024 மார்ச் மாதத்துச் சம்பவம் ஒரு பாடம். லினக்ஸ் அமைப்புகள் பலவற்றில் இருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறிய கருவியில், யாரோ ஓர் ஆசாமி இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக நடித்து நம்பிக்கை பெற்று, ரகசியப் பின்வாசல் ஒன்றைப் புகுத்திவிட்டார். இன்னும் சில மாதங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் உலகின் எத்தனையோ சர்வர்களுக்கு அது கள்ளச்சாவியாக ஆகியிருக்கும். கண்டுபிடித்தவர் பாதுகாப்பு நிபுணர் அல்ல. டேட்டாபேஸ் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர். தன் லினக்ஸ் சிஸ்டத்தில் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். இன்னொருவராக இருந்தால் விட்டுவிட்டிருப்பார். அவர் விடவில்லை. ஏன் அந்த அரை விநாடி என்று தோண்டிக்கொண்டே போனார்.

கறுப்புத் திரையின் முன் உட்காரப் போகிறவருக்கு வேண்டிய தகுதி அந்தப் பிடிவாதம்தான். மற்றதைக் கற்றுக்கொள்ளலாம். ஆமாம், ஃப்ராயண்ட் அப்போது வேலை பார்த்த இடம்? மைக்ரோசாஃப்ட்.